எவ்வளவு போதும்? கொசுக்கணக்கின் நூற்றாண்டு

(சற்று நீண்ட பதிவு. பொறுத்தருள்க.)

கேரளத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் எவரும் நாறாணத்துப் பிராந்தன் கதையைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. மலையுச்சிக்குக் கல்லை உருட்டிச் சென்று, மீண்டும் கீழே தள்ளிவிட்டுக் கைகொட்டிச் சிரித்தவர் அவர். ஓர் இரவு சுடுகாட்டில் பத்ரகாளி அவர்முன் தோன்றி வரம் கேட்கச் சொல்கிறாள். விதித்த நாளுக்கு ஒருநாள் கழித்துச் சாக வேண்டும் என்கிறார். அது தன்னால் ஆகாது என்கிறாள். ஒருநாள் முன்னதாகவாவது? அதுவும் ஆகாது. அப்படியானால் இந்தக் காலிலிருக்கும் மந்தை அந்தக் காலுக்கு மாற்றிக்கொடு என்று கேட்டுப் பெறுகிறார். மலையாளத்தில் ‘மந்து’ என்பது தமிழில் நாம் யானைக்கால் என்னும் நோய். ஒரு சிக்கலைத் தீர்க்காமல் இடம்மாற்றி வைப்பதைக் குறிக்க, காலிலிருந்து காலுக்கு மந்து மாறியதாக இன்றும் இங்கே பேச்சுவழக்கில் சொல்கிறார்கள்.

பூச்சிகளால் பரவும் நோய்களைக் கணிதத்தால் ஆராய்ந்த வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. அவ்வரலாறு வழக்கமாக ‘நோய் எப்படிப் பரவுகிறது’ என்னும் கேள்வியின் வரலாறாகவே எழுதப்படுகிறது. என் வாசிப்பில் அதனை இயக்கிய கேள்வி வேறு: எவ்வளவு போதும்? எத்தனை கொசுவைக் குறைத்தால் போதும், எத்தனை ஆண்டு மருந்து கொடுத்தால் போதும், எப்போது நிறுத்தலாம்? செலவுக்கணக்குப் பார்த்த நிர்வாகங்களின் கேள்விதான் இது. ஆயினும் அதற்குத் தரப்பட்ட விடைகளில் இலட்சக்கணக்கானோரின் உயிர் இருந்தது. இவ்வரலாற்றின் பெரும்பகுதி செகந்திராபாத், பம்பாய், இலங்கை, புதுச்சேரி, திருவிதாங்கூர் என நம் நிலப்பகுதிகளிலேயே நிகழ்ந்தது என்பதும் நாம் கருத்தில் கொள்ளத்தக்கது.

தொடக்கம் ரொனால்ட் ராஸ். 1857 இல் அல்மோராவில் பிறந்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1880களில் பெங்களூரில் பணியாற்றியபோது தம் குடியிருப்பில் மட்டும் கொசு மிகுந்திருப்பதைக் கண்டு, சன்னலுக்கு வெளியே நீர் நிரம்பிக் கிடந்த தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பு அப்போது எவருக்கும் தெரியாது. 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியைக் கடித்த அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் அவர் ஒட்டுண்ணியைக் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிவரை ஒட்டுண்ணியின் பாதையைத் தொடர்ந்து சென்று காட்டினார். 1902 இல் நோபல் பரிசு பெற்றார்.

பாடநூல்கள் இங்கே முடித்துக்கொள்கின்றன. ராஸின் துன்பம் இதற்குப் பிறகுதான் தொடங்கியது. கொசுவைக் குறைத்தால் மலேரியா குறையும் என்று அவர் சொன்னபோது, இந்தியாவிலிருந்த அவருடைய துறையினரே ஏற்கவில்லை. லாகூருக்கு அருகிலிருந்த மியான்மீர் படைமுகாமில் 1902 முதல் ஒரு சோதனை நடந்தது. பொறுப்பேற்றவர்கள் ஜேம்ஸ், கிறிஸ்டோஃபர்ஸ் என்னும் மருத்துவ அலுவலர்கள். நீர்நிலைகளைத் தூர்த்தும் எண்ணெய் ஊற்றியும் பார்த்தார்கள்; எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. வெளியிலிருந்து கொசுக்கள் பறந்து வந்துகொண்டே இருக்கும், ஒரு கொசு எஞ்சினாலும் நோய் எஞ்சும், எனவே இம்முயற்சி வீண் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. பரப்பும் செலவும் போதவில்லை, முன்னும் பின்னும் முறையாக அளக்கவுமில்லை என்பது ராஸின் மறுப்பு. ‘போதவில்லை’ என்று சொன்னவர், ‘எவ்வளவு போதும்’ என்று சொல்லக் கடமைப்பட்டவராகிறார். அக்கடமையே அவரைக் கணிதத்துக்குள் தள்ளியது.

1904 இல் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடந்த மாநாட்டில் முதல் விடையை முன்வைத்தார். கொசு ஒரே திசையில் பறந்து செல்வதில்லை, இங்குமங்கும் திரும்புகிறது. அப்படி அலையும் கொசுக்களில் பெரும்பாலானவை பிறந்த இடத்துக்கு அருகிலேயே தங்கிவிடும். எனவே போதிய அகலத்துக்கு நீர்நிலைகளை ஒழித்தால் அதன் நடுப்பகுதி பாதுகாப்பாக இருக்கும். இந்தக் கணக்கை முழுமையாகத் தீர்க்கும் வழி ராஸுக்குத் தெரியவில்லை. கார்ல் பியர்சனின் உதவியை நாடினார். 1905 இல் ‘நேச்சர்’ இதழில் பியர்சன் எழுதிய சிறு கடிதத்தில்தான் ‘தற்போக்கு நடை’ என்று இன்று நாம் மொழிபெயர்க்கும் தொடர் கணிதவுலகில் புழக்கத்துக்கு வந்தது. இன்று பங்குச்சந்தை விலையை ஆராய்பவரும் பயன்படுத்தும் இக்கருத்தின் பின்னணியில் ஓர் அனாபிலிஸ் கொசு இருந்தது.

இரண்டாவது விடை மொரீஷியசில் பிறந்தது. 1907 இறுதியில் அரசு அழைப்பின்பேரில் அங்கே சென்ற ராஸ், மூன்று மாதம் தங்கி ஆராய்ந்து, 1908 இல் அளித்த அறிக்கையில் மலேரியாப் பரவலுக்கு ஒரு சமன்பாட்டை எழுதினார். ‘மலேரியாத் தடுப்பு’ நூலின் 1910, 1911 பதிப்புகளில் அதனை விரித்தார். அதன் சாரத்தை ஒரு கற்பனைக் கிராமத்தைக் கொண்டு விளக்கலாம். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. ஆயிரம் பேர், அவர்களில் ஒருவருக்கு மட்டும் மலேரியா, கொசுக்கள் நாற்பதாயிரம். ஆளுக்கு நாற்பது கொசு. அவற்றில் நான்கில் ஒன்றுக்கே மனிதரைக் கடிக்க வாய்க்கிறது எனில், நோயாளியைக் கடிப்பவை பத்து. ஒட்டுண்ணி உள்ளே முதிரும்வரை அவற்றில் பாதியே உயிரோடிருக்கும்: ஐந்து. அவற்றில் ஐந்தில் ஒன்றுக்கே மீண்டும் ஒரு மனிதரைக் கடிக்க வாய்க்கிறது: ஒன்று. ஒரு நோயாளியால் ஒரு புதிய நோயாளி. நோய் கூடவுமில்லை, குறையவுமில்லை. கொசு நாற்பதாயிரத்துக்குக் கீழே போனால், ஒரு நோயாளி சராசரியாக ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நோயைக் கொடுப்பார். காலப்போக்கில் நோய் தானே அற்றுப்போகும். எஞ்சிய கொசுக்கள் பறந்துகொண்டிருக்கலாம்.

கடைசிக் கொசுவைக் கொல்ல வேண்டியதில்லை என்பதே ராஸ் கண்டறிந்தது. இத்தகைய எல்லை மதிப்பைத் தமிழில் பலவாறு மொழிபெயர்க்கிறோம். எனக்கு ‘வரம்பு’ என்னும் சொல்லே பொருத்தமாகப் படுகிறது. வயலில் நீர் நிற்கலாம். வரப்பைத் தாண்டாதவரை அடுத்த வயலுக்குப் போகாது.

ராஸின் சொல்லாக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தம் கோட்பாட்டை அவர் ‘நோய்க் கோட்பாடு’ என்று அழைக்கவில்லை. ‘நிகழ்வுகளின் கோட்பாடு’ என்றார். நிகழ்வுகளை இரண்டாகப் பிரித்தார். இடி விழுந்து ஒருவர் இறந்தால், அதனால் அடுத்தவர்மீது இடி விழும் வாய்ப்பு கூடுவதில்லை. அது சாரா நிகழ்வு. ஒருவருக்குத் தொற்று வந்தால் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. அது சார் நிகழ்வு. கட்சிகளிலும் சங்கங்களிலும் ஆள் சேர்வதும் இவ்வகையே என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1916, 1917 ஆண்டுகளில் ஹில்டா ஹட்சன் என்னும் கணித அறிஞரின் துணையோடு இக்கோட்பாட்டை வளர்த்தார். ஒரு நோயைப் பற்றிய சண்டையில் தொடங்கியவர், எதற்கும் பொருந்தும் இலக்கணம் ஒன்றை எழுத முனைந்திருந்தார்.

அந்த இலக்கணத்தைத் தொடர்ந்தவர் ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக். 1901 இல் ராஸுடன் சியரா லியோன் சென்றவர்; பின்பு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, கசௌலி பாஸ்டர் நிறுவனத்தை நடத்தினார். உடல்நலம் குன்றி 1920 இல் எடின்பரோ திரும்பிய பின், கெர்மாக்குடன் இணைந்து 1927 இல் எழுதிய கட்டுரையே இன்றைய தொற்றுநோய்க் கணிதத்தின் அடித்தளம். பாதிக்கப்படக்கூடியோரின் அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கொள்ளைநோய் எழும். எல்லோரையும் தொற்றுமுன்பே அது அடங்கியும்விடும் என்பது அக்கட்டுரையின் முடிவு. அதிலுள்ள புகழ்பெற்ற வளைகோடு, 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலைவரை பம்பாய்த் தீவில் பிளேக்கால் ஏற்பட்ட வாராந்தர இறப்புகளைக் காட்டுவது. பிளேக் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி வழியாக மனிதருக்கு வருவது; அச்சமன்பாட்டிலோ எலியும் இல்லை, தெள்ளும் இல்லை, பருவமும் இல்லை. ஆயினும் கோடு அழகாகப் பொருந்தியது. ஒரு சமன்பாடு தரவுக்குப் பொருந்துவதும், அத்தரவு எப்படி உண்டாயிற்று என்பதை அது விளக்குவதும் வேறுவேறு என்பதற்கு என் நண்பர்களிடம் நான் அடிக்கடி சுட்டும் எடுத்துக்காட்டு இது.

பம்பாயில் கணக்குத் தவறியதால் எவருக்கும் கேடு வரவில்லை; அது நிகழ்ந்து முடிந்ததை விளக்கிய கணக்கு. இனி நிகழப்போவதைக் கணிதம் தாங்க வேண்டியிருந்த இடம் இலங்கை. 1934 இல் பருவமழை பொய்த்தது. ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் தேங்கிய குட்டைகளாயின. அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் கொசுவுக்கு அவை தொட்டில்களாயின. வழக்கமாக மலேரியா குறைந்திருந்த, எனவே நோயெதிர்ப்பும் குறைந்திருந்த ஈரவலயத்தின் ஓரப்பகுதிகளில், கேகாலை, குருநாகல் மாவட்டங்களில், ஆண்டிறுதியில் நோய் வெடித்தது. 1935 இலும் தொடர்ந்த அக்கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இந்தியாவில் மலேரியா ஆய்வுப் பணிசெய்த ஜார்ஜ் மெக்டொனால்ட், 1950களில் ராஸின் சமன்பாட்டைத் திருத்தி எழுதினார். 1957 இல் வெளிவந்த அவருடைய நூல், மலேரியாவை நிலைத்தது, நிலையற்றது என இரண்டாகப் பிரித்தது. கொசு நெடுநாள் வாழ்ந்து மனிதரையே நாடிக் கடிக்கும் ஆப்பிரிக்கப் பகுதிகளில் நோய் ஆண்டுதோறும் ஒரே அளவில் நிற்கும். கொசு குறைநாள் வாழ்ந்து மாட்டையும் கடிக்கும் நம் பகுதிகளில் நோய் ஒடுங்கிக் கிடக்கும். சூழல் சற்றே மாறினால் சீறி எழும்.

ராஸ் கொசுவின் எண்ணிக்கையைப் பார்த்தார். மெக்டொனால்ட் அதன் ஆயுளைப் பார்த்தார். ஒட்டுண்ணி கொசுவுக்குள் முதிர ஏறத்தாழ 12 நாள் ஆகும் என்று கொள்வோம். நாள்தோறும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசுக்கள் பிழைக்குமானால், 12 நாள் கடந்து வாழ்பவை நூற்றில் 28. அன்றாடப் பிழைப்பு எண்பதாகக் குறைந்தால், 12 நாள் கடப்பவை ஏழே. கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் பரவலும் பாதியாகும். ஆயுளைச் சற்றுக் குறைத்தாலோ அது பன்மடங்கு சரியும். இரத்தம் குடித்துச் சுவரில் அமரும் கொசுவைக் கொல்லும் டி.டி.டி. தெளிப்புக்கு இதைவிட வலிமையான வாதம் வேறில்லை. 1955 இல் உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய மலேரியா ஒழிப்புத் திட்டம் இவ்வாதத்தைத் தன் கணித அரணாகக் கொண்டது. சில ஆண்டுகள் பரவலைத் தடுத்து நிறுத்தினால், மனித உடலிலுள்ள ஒட்டுண்ணிகளும் அழிந்துபோகும். பிறகு தெளிப்பை நிறுத்திவிடலாம்.

இலங்கையில் அது பலித்தது. 1963 இல் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர்; இலட்சங்களில் இருந்த எண்ணிக்கை பதினேழு. தெளிப்பு நின்றது. 1967 இல் தொடங்கிய மீளெழுச்சியில், 1969 ஆம் ஆண்டு மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். இந்தியாவிலும் இதே கதைதான்: 1960களின் நடுவில் ஏறத்தாழ ஓர் இலட்சமாகக் குறைந்திருந்த எண்ணிக்கை, 1976 இல் 64 இலட்சத்தைத் தாண்டியது.

கணக்கு தவறியதா? இல்லை என்பதே என் வாதம். 17 என்பது அந்த ஆண்டு நோயுற்றவர்களின் எண்ணிக்கை. வரம்பு என்பதோ நிலத்தின் இயல்பு: ஒரு நோயாளி வந்து சேர்ந்தால், அங்குள்ள கொசுவும் நீரும் வீடும் அவரிடமிருந்து எத்தனை பேருக்கு நோயைக் கொண்டுசெல்லும் என்பது. தெளிப்பு இருந்தவரை அவ்வெண் ஒன்றுக்குக் கீழே அழுத்தப்பட்டிருந்தது. தெளிப்பு நின்றதும் பழைய இடத்துக்கு ஏறியது. இரத்தினக்கல் தோண்டிய குழிகளில் நீர் தேங்கியது. கொசு அங்கேயே இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கையையும் நோய் மீளும் ஆற்றலையும் ஒன்றென மயங்கியது நிர்வாகம். நிலையற்ற மலேரியாவைப் பற்றி மெக்டொனால்டே எழுதியிருந்ததை ஏட்டில் விட்டுவிட்டு, ‘நிறுத்தலாம்’ என்னும் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் இலங்கை இப்பாடத்தைக் கற்றது. போர்க்காலத்திலும் கட்டுப்பாட்டுப் பணியைக் கைவிடவில்லை. 2012 அக்டோபருக்குப் பின் உள்ளூர்த் தொற்று நேராமல், 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்னும் சான்று பெற்றது. சான்று பெற்ற பின்னும் கண்காணிப்பை நிறுத்தவில்லை.

இனி, பத்ரகாளி இடம்மாற்றிக் கொடுத்த மந்துக்கு வருவோம். யானைக்கால் மலேரியாவைப் போன்றதன்று. மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் பெருகும். யானைக்கால் புழு கொசுவுக்குள் வளருமேயன்றிப் பெருகாது. மனித உடலுக்குள் புகுந்த ஆண்புழுவும் பெண்புழுவும் ஒன்றையொன்று கண்டடைய வேண்டும். ரங்கூனில் நடந்த ஆய்வொன்றைக் கொண்டு ஹேர்ஸ்டனும் டி மெய்லனும் 1968 இல் கணக்கிட்டார்கள்: ஒருவர் இரத்தத்தில் நுண்புழுக்கள் தோன்ற, சராசரியாக 15,500 தொற்றுக்கடிகள் தேவைப்படுகின்றன. இவ்வளவு திறமையற்ற நோயை ஒழிப்பது எளிதென்று தோன்றும். ஆனால் அது வேறொரு வகையில் வலிமை கொண்டது. முதிர்ந்த புழு மனித உடலில் பல ஆண்டுகள் வாழும். கொசுவை இன்று ஒழித்தாலும், பழைய புழு நாளைய கொசுவுக்காகக் காத்திருக்கும்.

திருவிதாங்கூர் அரசு இந்நோயை 1930களிலேயே முறையாக ஆராயச் செய்தது. பூச்சியியலாளர் எம்.ஓ.டி. ஐயங்கார் 1938 இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. சேர்த்தலைப் பகுதியில் நோயைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுக்கள் மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வருவதில்லை. பிஸ்டியா என்னும் மிதவைச் செடியின் வேரில் துளையிட்டு அங்கிருந்தே காற்றைப் பெறுகின்றன. எனவே நீரின்மேல் எண்ணெய் ஊற்றுவது வீண். செடியை அகற்ற வேண்டும். அச்செடியோ தென்னந்தோப்புக் குளங்களில் உரத்துக்காக உழவர்கள் போற்றி வளர்த்தது. சமன்பாட்டில் கொசுவின் எண்ணிக்கையைக் குறிக்கும் ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு தென்னை விவசாயியின் உரச்செலவு மறைந்திருந்தது. 1980களில் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் சேர்த்தலையில் பணியாற்றியபோது, இதனை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. செடியை அகற்றச் சொன்னதோடு நில்லாமல், அக்குளங்களில் மீன் வளர்த்து வருவாய் காணும் வழியையும் காட்டியது.

1975 இல் தொடங்கப்பட்ட அம்மையம் புதுச்சேரி நகரிலேயே 1981 முதல் 1985 வரை ஒருங்கிணைந்த கொசுக்கட்டுப்பாட்டை நடத்தியது. கியூலெக்ஸ் கொசு பெரிதும் குறைந்தது. திட்டம் முடிந்தது, கொசுக்கள் மீண்டன. ஆனால் ஆண்டுதோறும் சேர்த்துவைத்த இரத்தப் பரிசோதனைத் தரவுகள் வீண்போகவில்லை. நெதர்லாந்தின் ராட்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து 1990களில் உருவாக்கிய ‘லிம்ஃபாசிம்’ என்னும் கணினி மாதிரி அத்தரவுகளைக் கொண்டே அளவுதிருத்தப்பட்டது. ஒவ்வொரு மனிதரையும் அவருக்குள்ளிருக்கும் புழுக்களையும் தனித்தனியே பின்தொடரும் மாதிரி அது. கூட்டுமருந்து எத்தனை ஆண்டு கொடுக்க வேண்டும் என்று அதனிடம் கேட்டால், ஒற்றை எண்ணை அது விடையாகத் தருவதில்லை. எத்தனை பேர் உண்மையில் விழுங்கினார்கள் என்று திருப்பிக் கேட்கிறது. ஆண்டுதோறும் தவிர்ப்பவர்கள் அதே மனிதர்களாக இருந்தால், மருந்து கொடுக்கும் ஆண்டுகளும் நீளும். மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் உட்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. வீட்டுக்கு வந்த பணியாளரிடம் மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடும் கை, அந்தச் சமன்பாட்டின் ஓர் உறுப்பு.

இந்நகரில் இருந்துகொண்டு இதனை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா தொற்று திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் உறுதிசெய்யப்பட்டது. ஆனயறைப் பகுதியில் அது ஒரு கொத்தாகப் பரவியது. அதற்கு முந்தைய மாதம்வரை மாநிலத்தில் பதிவான ஜிகா நோயாளிகள் சுழியம். ஆனால் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் பல ஆண்டுகளாகச் சுமந்துவந்த ஏடிஸ் கொசு ஒவ்வொரு வீட்டு மாடியிலும் இருந்தது. நோயாளிகள் சுழியமாக இருந்தபோதும் நிலம் வரம்புக்கு மேலேயே இருந்தது.

கேரளச் சுகாதாரத்துறை ‘உலர் நாள்’ கடைப்பிடிக்கச் சொல்கிறது. வெள்ளியன்று பள்ளிகளில், சனியன்று அலுவலகங்களில், ஞாயிறன்று வீடுகளில் தேங்கிய நீரைக் கொட்ட வேண்டும். ஏன் வாரம் ஒருமுறை? ஏடிஸ் முட்டை பொரிந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் ஒருமுறை நீரைக் கவிழ்த்துவிட்டால் சுழற்சி அறுபடும். ராஸ் பெங்களூரில் கவிழ்த்த தொட்டியும், நூறாண்டுக் கணிதமும் நாட்காட்டியில் ஒரு சிறு கட்டமாகச் சுருங்கிய வடிவம் இது. ‘எவ்வளவு போதும்’ என்பதற்கு இங்கே விடை, ‘வாரம் ஒருமுறை’. ‘எப்போது நிறுத்தலாம்’ என்பதற்கு, கொசு இருக்கும்வரை விடை இல்லை.

நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்த ஆண்டில்தான் நிதி குறைக்கப்படுகிறது, பணியிடம் நிரப்பப்படாமல் விடப்படுகிறது, நாமும் தொட்டியைக் கவிழ்க்க மறக்கிறோம். ஒரு தலைமுறையின் காலிலிருந்து அடுத்த தலைமுறையின் காலுக்கு மந்து மாறுவது அப்படித்தான். பிராந்தன் அதனைக் கேட்டுப் பெற்றார். நாம் கேட்காமலேயே பெற்றுக்கொள்கிறோம்.

இன்று ஞாயிறு. பதிவை இத்துடன் நிறுத்திவிட்டு மாடிக்குச் செல்கிறேன். சேர்த்தலைப் பகுதியின் பழைய குளங்களையும் அங்கே நடந்த செடி அகற்றும் பணிகளையும் நேரில் கண்ட மூத்தோர் எவரேனும் இதை வாசித்தால், அந்நினைவுகளைக் கீழே எழுத வேண்டுகிறேன். சமன்பாடுகள் காப்பகங்களில் கிடைக்கின்றன, அவை கிடைப்பதில்லை.